ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு

எங்கள் தெருவில் மாவு மில் வைக்க அனுமதி கேட்டுப் பஞ்சாயத்துக்குப் போன விண்ணப்பத்தை எழுதியது நான்தான். அந்த மில் வரக் கூடாது என்று போன மனுவை எழுதியதும் நான்தான். இரண்டுக்கும் தலா முப்பது ரூபாய் வாங்கினேன். 2017-இல் நடந்த கதை. இப்போது எழுதினால் யாருக்கும் கோபம் வராது என்று நினைக்கிறேன். வந்தாலும் சரி, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் எப்படியும் தெரிந்த விஷயம்தான்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எல்லையைப் பார்த்துப் போகிற பக்கம் எங்கள் ஊர். கேரளத்தில் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. வீட்டில் தமிழ், படித்தது தமிழ் மீடியம், ஆனால் ரேஷன் கார்டிலிருந்து வரி ரசீது வரை மலையாளம். நான் பால் சங்கத்தில் இருபத்திரண்டு வருஷம் கணக்கு எழுதியவன். அந்த நாளில் கற்றுக்கொண்ட மலையாளம்தான் இன்றைக்கும் சோறு போடாவிட்டாலும் டீயாவது வாங்கித் தருகிறது. சாயங்காலம் பால் ஊற்றிவிட்டு வருகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, "சங்கத்தண்ணா, இந்தக் கடுதாசியில என்ன போட்டிருக்குன்னு பாருங்க" என்பார்கள். படித்துச் சொல்வேன். பதில் வேண்டுமென்றால் எழுதியும் கொடுப்பேன்.

எங்களைப் போன்ற தமிழ்ச் சிறுபான்மையினர் இந்தப் பகுதியில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969-ம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டத்தில் இருக்கிறது. கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் லோனோ லைசென்ஸோ என்றால், "மலையாளத்துலயே போட்டுருங்கண்ணா, சீக்கிரம் நவுரும்" என்பார்கள். சண்டை என்றால் மட்டும் தமிழ் வேண்டும். மனசில் இருக்கிற கோபம் அப்படியே வர வேண்டுமே. அதனால் என் திண்ணையில் ஒரு வழக்கம் தானாகவே உண்டாகிவிட்டது. கேட்பது மலையாளத்தில், எதிர்ப்பது தமிழில். இந்த வழக்கம் என்னைக் காப்பாற்றும் என்று நம்பியிருந்தேன்.

மில் வைக்க நினைத்தவரை இங்கே மில்லக்கா என்றே சொல்கிறேன். அப்போது அவர் மில்லக்கா ஆகவில்லை, பொடிக்கார அக்கா. வீட்டு வாசல் திண்ணையில் ரெண்டு எச்பி சிங்கிள் பேஸ் மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு சாம்பார்ப் பொடி, மிளகாய்ப் பொடி, மல்லிப் பொடி அரைத்துக் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் விற்றுவந்தார். நல்ல பொடி. மிளகாயைக் காம்பு கிள்ளி, மூன்று வெயில் காய வைத்து, கையில் எடுத்தால் சலசலவென்று சத்தம் வந்தால்தான் மெஷினில் போடுவார். கல்யாண வீட்டு ஆர்டர்கள் வர ஆரம்பித்ததும் அந்தச் சின்ன மெஷின் சூடாகி நின்றுபோக ஆரம்பித்தது. பிரதமர் பெயரில் ஒரு தொழில் கடன் திட்டம் உண்டு, பிஎம்இஜிபி என்பார்கள். கிராமத்தில் பெண்கள் தொழில் தொடங்கினால் திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம். அதை நம்பி, மிளகாய்க்கு ஏழரை எச்பியில் ஒரு பல்வரைசர், மாவுக்கு ஐந்து எச்பியில் ஒரு கல் மெஷின் என்று கோயம்புத்தூரில் விலை கேட்டுவிட்டு வந்தார். பாங்கில் பஞ்சாயத்து லைசென்ஸ் கொண்டுவா என்றார்கள். என்னிடம் வந்தார்.

முதல் தடங்கல் ஒரு வார்த்தையில் வந்தது. அக்காவுக்கு வீட்டை ஒட்டிப் பின்னால் இருபத்தைந்து சென்ட் இருந்தது. நிறையத் தென்னை, நடுவில் நிலக்கடலை போட்ட காடு. மில்லை அதன் கோடியில் கட்டிவிடலாம், எந்த வீட்டுக்கும் எண்பது அடி தள்ளி இருக்கும் என்பது அவர் கணக்கு. நல்ல கணக்குதான். வில்லேஜ் ஆபீஸ் பேப்பரை விரித்துக் காட்டி, "பாருங்கண்ணா, நிலம்னு தெளிவா போட்டிருக்கு, நம்ம நிலம்தான், ஒரு வில்லங்கமும் இல்ல" என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கேரள ரெவின்யூ கணக்கில் நிலம் என்றால் நெல் வயல். மேட்டுக்காட்டுக்கும் தோட்டத்துக்கும் புரயிடம் என்று பெயர். நம் ஊரில் ஒருவன் நிலம் வைத்திருக்கிறான் என்றால் பெருமை. இங்கே பேப்பரில் நிலம் என்று இருந்தால் ஒரு கோழிக்கூண்டு கட்டுவதற்கும் ஆயிரம் கேள்வி. 2008-இல் வந்த நெல் வயல் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம், 1967-ம் வருஷத்து நிலப் பயன்பாட்டு உத்தரவு இன்னொரு பக்கம். அக்காவின் மாமனார் காலத்திலேயே அங்கே தென்னை வைத்தாயிற்று. நெல்லைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. ஆனாலும் பேப்பரில் அது வயல். மாற்ற வேண்டுமென்றால் ஆர்டிஓ ஆபீசுக்கு, அதாவது வருவாய்க் கோட்ட ஆபீசுக்கு, நடக்க வேண்டும், எத்தனை மாசம் என்று சொல்ல முடியாது, பாங்குக்காரன் அதுவரை காத்திருக்க மாட்டான்.

வீடு இருக்கிற முன்பக்கம் ஆறு சென்ட்தான் புரயிடம். அதனால் எண்பது அடி தள்ளிப் போயிருக்க வேண்டிய மில், கிழக்கு வீட்டு மதிலிலிருந்து ஐந்தடி தூரத்துக்கு வந்து சேர்ந்தது. இந்தக் கதையில் யாராவது குற்றவாளி உண்டா என்று கேட்டால் நான் அந்த ஒற்றை வார்த்தையைத்தான் காட்டுவேன். நெல் வயலைக் காக்கிற சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் இந்தப் பக்கம் இன்றைக்கு வயலே இருந்திருக்காது. ஆனால் நெல்லே இல்லாத வயலைக் காப்பாற்றுகிறேன் என்று மிளகாய் மெஷினைக் கொண்டுபோய் ஒரு வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு நேராக வைத்ததும் அதே சட்டம்தான்.

விண்ணப்பத்தை ஆவணி மாசம் மலையாளத்தில் எழுதிக் கொடுத்தேன். நான்காவது நாள் சாயங்காலம் கிழக்கு வீட்டு டீச்சர் வந்தார். கூட இன்னும் இரண்டு பெண்கள். டீச்சர் பேசினால் குரல் உயராது, அதனால்தான் பயம். "சங்கத்தண்ணா, தமிழ்ல ஒரு மனு வேணும். நல்லா உறைக்கிற மாதிரி எழுதுங்க" என்றார்.

உறைப்பு என்று அவர் சொன்னதில் தப்பே இல்லை. இங்கே காற்றைப் பற்றிச் சொல்லாவிட்டால் வெளியூர்க்காரர்களுக்கு இந்தச் சண்டை புரியாது. மேற்கு மலைத் தொடரில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு பெரிய சந்து. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அந்தச் சந்து வழியாகக் காற்று கிளம்பி வந்து எங்கள் ஊரில்தான் கை காலை நீட்டும். பனை ஓலைகள் ராத்திரி முழுக்கப் படபடக்கும். கொடியில் காயும் சேலை பக்கத்துத் தெருவில் கிடக்கும். மார்கழி, தையில் அதே காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து மேற்கே போகும். இடையில் ஐப்பசி வாக்கில் கொஞ்ச நாள் இலை அசையாது.

அந்த வருஷம் ஆடியில் அக்காவின் சின்ன மெஷின் ஓடும்போதே கிழக்கு வீடுகளில் யாரும் வாசலில் உட்கார முடியவில்லை. டீச்சர் வீட்டில் தாளிக்காமலே தும்மல். இரண்டாவது வீட்டு ஆத்தாவுக்கு ஏற்கெனவே இழுப்பு. நெடி ஏறினால் ராத்திரி முழுக்கக் கமறிக்கொண்டு கிடக்கும். அந்த வரிசையில் மூன்றாவது வீடு என்னுடையது. என் மனைவி துணியைக் கொல்லைப்பக்கம் மாற்றிக் கட்டி ஒரு மாசம் ஆகியிருந்தது. டீச்சர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருந்தபோது, உள்ளிருந்து என் மனைவி, "துண்டு துவாலையில எல்லாம் காரம் ஏறிக் கிடக்கு, அதையும் போடச் சொல்லுங்க டீச்சர்" என்று குரல் கொடுத்தாள். போட்டேன்.

சரி, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சட்டத்தில் என்னதான் பாதுகாப்பு என்று கேட்பீர்கள். பட்டணத்தில் மாஸ்டர் பிளான் போட்டு இது குடியிருப்பு, இது கடைத்தெரு, இது தொழிற்சாலை என்று கலர் அடித்து வைத்திருப்பார்கள். எங்கள் ஊருக்கு அப்படி எதுவும் இல்லை. இருப்பது கட்டட விதி. வீடு ஏ பிரிவு, தொழில் ஜி பிரிவு என்று அது பிரித்து வைத்திருக்கும். அப்புறம் 1994-ம் வருஷத்துப் பஞ்சாயத்து ராஜ் சட்டம். கரண்டில் ஓடுகிற மெஷின் வைக்க அப்போது பஞ்சாயத்து அனுமதி வேண்டும், முப்பது நாளில் பதில் தராவிட்டால் கிடைத்ததாகவே கணக்கு. (இருபத்தொன்பதாவது நாள் ஒரு கடுதாசி வரும், இன்ன காகிதம் குறைகிறது என்று. அக்காவுக்கும் வந்தது.) அதற்கு மேலே மலினீகரண போர்டு, அதாவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். எவ்வளவு மாசு என்பதைப் பார்த்துத் தொழில்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரித்திருக்கிறார்கள். மசாலா அரைக்கிற மெஷின் 20 எச்பி வரை பச்சை, அதைத் தாண்டினால் ஆரஞ்சு. அக்காவுடையது பன்னிரண்டரை. சத்தத்துக்கு 2000-ம் வருஷத்து விதி, குடியிருப்பில் பகலில் 55 டெசிபல், ராத்திரி 45.

எச்பிக்குக் கட்டம் உண்டு, டெசிபலுக்குக் கட்டம் உண்டு, சென்ட்டுக்கும் உண்டு. காற்று எந்த மாசம் எந்தப் பக்கம் அடிக்கும் என்று எழுத அந்தப் பாரத்தில் எங்கேயும் கட்டம் இல்லை. நான் இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டேன்.

ஸ்தலப் பரிசோதனைக்கு ஆட்கள் வந்தது ஐப்பசியில். வேறு எந்த மாசம் வருவார்கள்! இலை அசையவில்லை. அக்காவை மிளகாய் போடச் சொன்னார்கள், போட்டார். நெடி புகை மாதிரி நேராக மேலே போய் ஓட்டில் முட்டி நின்றது. ஹெல்த் இன்ஸ்பெக்டர் மட்டும் ஒரு தும்மல் தும்மினார், அதைக் குறிப்பில் எழுதவில்லை. டீச்சர் வீட்டு மதில் ஓரம் போய் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, பரிசரவாசிகளுக்கு, அதாவது அக்கம்பக்கத்தாருக்கு, பிரச்சினை எதுவும் காணவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். டீச்சருக்கு முகம் சுண்டிப் போயிற்று. பையன் ஒருத்தன் போனில் டெசிபல் ஆப் இறக்கி வைத்து 61 காட்டுகிறது என்று ஓடி வந்தான். அதே ஆப்பில் பார்த்தால் எங்கள் மாரியம்மன் கோயில் குழாய் ரேடியோ எவ்வளவு காட்டும் என்று மேற்கு வீட்டு மாமா கேட்டதும் பையன் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

மேற்கு வீட்டு மாமா அப்போது மில்லுக்குப் பெரிய ஆதரவு. "ஒரு பொம்பள உழைச்சுப் பொழைக்கறது உங்களுக்கெல்லாம் கண்ணுல உறுத்துது" என்று டீக்கடையில் எல்லோரும் கேட்கப் பேசினார். ஆடிக் காற்றில் அவர் வீட்டுக்கு ஒரு துளி நெடி போகாது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் எடுத்துச் சொல்லவில்லை. அவருடைய சம்மதப் பத்திரத்தையும் நான்தான் எழுதினேன். அது இலவசம், மாமா முறை.

ஹியரிங்குக்கு நோட்டீஸ் வந்தது மார்கழி முதல் வாரம். அதில் இன்னொரு வார்த்தை வேலை காட்டியது. இரண்டாவது வீட்டு ஆத்தாவுக்குப் பேரன் படித்துச் சொல்லியிருக்கிறான். ஆக்ஷேபம் தெரிவிக்க உங்களுக்கு அவகாசம் உண்டு என்று அதில் இருந்ததாம். அவகாசம் இருக்குதாம், அவசரமில்லை என்று ஆத்தா அன்றைக்கு முட்டிவலித் தைலம் வாங்கக் கொழிஞ்சாம்பாறைக்குப் பஸ் ஏறிவிட்டது. மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. உனக்கு உரிமை உண்டு, இன்ன தேதிக்கு வா என்பதுதான் நோட்டீஸ். நமக்கு அவகாசம் என்றால் நாள் இருக்கிறது, மெதுவாகப் போகலாம். உரிமை இருக்கிறது என்று சொன்ன கடுதாசியைப் படித்துவிட்டே ஒரு கிழவி உரிமையை விட்டுவிட்டுப் போயிற்று. அதிகம் இழுப்பு வந்ததும் அதற்குத்தான்.

பஞ்சாயத்து ஆபீஸ் மாடி ஹாலில் ஹியரிங். பிரசிடெண்ட் அம்மா, செக்ரட்டரி, எங்கள் வார்டு மெம்பர், ஹெல்த் இன்ஸ்பெக்டர். ஒரு ஓரத்தில் கிளார்க் பெண். அவள் எங்கள் பக்கத்து ஊர், தமிழ்ப் பெண். செக்ரட்டரி ஒற்றப்பாலம் பக்கத்து மலையாளி, நல்ல மனுஷன். நாங்கள் பேசுகிற தமிழ் அவருக்கு முக்கால்வாசி புரியும், மீதியை முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

ஆரம்பத்திலேயே ஒரு இளைஞன் எழுந்து, "பிளாச்சிமடையில கொக்கோ கோலாவையே லைசென்ஸ் இல்லாம நிறுத்தின ஊருங்க இது, மாவு மில் எம்மாத்திரம்" என்றான். கைதட்டல். பிளாச்சிமடை எங்களுக்குப் பக்கம்தான். பெருமாட்டிப் பஞ்சாயத்து 2003-இல் அந்தக் கம்பெனிக்கு லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டேன் என்றது, 2004 மார்ச்சில் ஆலை நின்றது. நடுவில் ஹைகோர்ட்டில் ஒரு நீதிபதி பஞ்சாயத்துப் பக்கம், 2005-இல் இரண்டு நீதிபதிகள் கம்பெனிப் பக்கம், தினம் ஐந்து லட்சம் லிட்டர் நிலத்தடி நீர் எடுக்கலாம் என்று. ஆனாலும் ஆலை திரும்ப ஓடவில்லை. அதிலிருந்து இந்தப் பக்கம் எவருக்கு எது பிடிக்கவில்லை என்றாலும் பிளாச்சிமடை நினைவுக்கு வந்துவிடும். கிணறு வற்றிக் குடம் தூக்கி உட்கார்ந்த பெண்களையும் பன்னிரண்டரை எச்பி மிளகாய் மெஷினையும் ஒரே தட்டில் வைத்ததில் எனக்கு உடன்பாடில்லை. மில்லக்கா முகத்தைப் பார்த்தேன். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் வேடிக்கை. மேற்கு வீட்டு மாமாவைக் கூப்பிட்டார்கள். ஆதரவாகப் பேசுவார் என்று அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். காற்று திரும்பிப் பத்து நாள் ஆகியிருந்தது. "சார், மில்லு வேண்டாம்னு சொல்லல. ஆனா ஊட்டுக்குள்ள குடியிருக்க முடியலீங்க. பேத்திக்குக் கண்ணு செவந்து போச்சு" என்றார். செக்ரட்டரி அவருடைய சம்மதப் பத்திரத்தைத் தூக்கிக் காட்டினார். "அது ஐப்பசியில குடுத்ததுங்க" என்றார் மாமா, ஏதோ மாசம் முடிந்தால் பத்திரமும் காலாவதி ஆகிவிடும் என்பது போல.

டீச்சர் எழுந்தார். இரண்டு வாரமாக அவர் வீட்டில் தும்மல் இல்லை. மனு கொடுத்தபோது இருந்த வேகம் குரலில் இல்லை. "கொஞ்சம் கட்டுப்பாடு வச்சுக் குடுத்தீங்கன்னா..." என்று இழுத்தார்.

செக்ரட்டரி பைலைப் புரட்டிக்கொண்டே இருந்தவர் கையை நிறுத்தினார். கிளார்க் பெண் குனிந்து விரலால் ஏதோ காட்டினாள். அவர் ஒரு காகிதத்தை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார், பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது ரெண்டும் ஒராளுடெ கையட்சரமாணல்லோ" என்றார்.

ஹால் அமைதியானது. நான் எழுந்து, "சார், ஒண்ணு மலையாளம், ஒண்ணு தமிழ். எப்படி ஒரே கை ஆகும்?" என்றேன். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏழைப் பாருங்கண்ணா" என்றாள்.

சர்வே நம்பரில் இரண்டு ஏழு. விண்ணப்பத்திலும் மனுவிலும் சம்மதப் பத்திரத்திலும் ஒவ்வொரு ஏழுக்கும் குறுக்கே ஒரு சின்னக் கோடு. பால் சங்கத்தில் வந்த பழக்கம் அது. ஒரு முறை ஒருத்தர் பாலில் கொழுப்பு 4.7 இருந்ததை நான் எழுதி, மேலே அனுப்பியபோது 4.1 என்று வாசித்துவிட்டார்கள். ஒரு வாரம் அந்த மனுஷனுக்குக் குறைந்த விலை. வீட்டு வாசலில் வந்து நின்று, "எம் மாட்டுப் பாலுல தண்ணி கலந்தேன்னு சொல்றயா?" என்று கேட்டார். அன்றைக்கு ராத்திரி நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தில் இருந்த எல்லா ஏழுக்கும் குறுக்கே கோடு போட்டேன். அப்புறம் கை தானாகப் போட ஆரம்பித்துவிட்டது. மலையாளத்தில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும் எண் அதே எண்தானே.

"ரெண்டு பக்கமும் காசு வாங்குனியா மாப்ளே?" என்றார் மாமா. ஹால் முழுக்கச் சிரிப்பு. பிரசிடெண்ட் அம்மாகூட. டீச்சர் சிரிக்கவில்லை. "எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்களா" என்று மட்டும் கேட்டார். மில்லக்கா எதுவும் கேட்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. சங்கத்தில் பசு வைத்திருந்தவன் கணக்கையும் எருமை வைத்திருந்தவன் கணக்கையும் ஒரே நோட்டில் ஒரே பேனாவில்தான் எழுதினேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அது நியாயமாக இருந்தாலும் அந்த இடத்தில் நொண்டிச் சாக்காகத்தான் கேட்டிருக்கும்.

செக்ரட்டரிதான் கை கொடுத்தார். நீங்கள் எல்லோருக்கும் எழுதியவர், உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டார். பின்னால் தென்னைக்கு நடுவில் கட்டினால் யாருக்கும் தொந்தரவில்லை என்றேன். "அது நிலமல்லே" என்றார். நிலம்தான். வேறு என்ன சொல்வது! அவர் கையில் இருப்பது பேப்பர், மீறினால் நாளைக்கு அவருக்கு ஆடிட். (அடுத்த வருஷமே, 2018-இல், தரவு வங்கி என்கிற வயல் பட்டியலில் ஏறாத இந்த மாதிரி நிலத்தைக் கட்டணம் கட்டி வகை மாற்றிக்கொள்ளலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்குள் மில்லுக்கு முன்பக்கம் ஓடு போட்டாகிவிட்டது.)

லைசென்ஸ் கிடைத்தது. மார்ச் 31 வரை, காலை எட்டு முதல் மாலை ஆறு, பரிசரவாசிகளுக்குச் சல்யம் உண்டாகக் கூடாது. சல்யம் என்றால் தொல்லை. எப்படித் தொல்லை இல்லாமல் மிளகாய் அரைப்பது என்று அதில் இல்லை.

அதை நாங்களாக எழுதிக்கொண்டோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மில்லக்கா வீட்டுத் திண்ணையில் டீச்சர், மாமா, ஆத்தாவின் மகன், நான். அக்கா டீ போட்டுக் கொடுத்தார். என் டம்ளரை மட்டும் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார். எடுத்துக் குடித்தேன். ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதினேன். மிளகாய் செவ்வாயும் வெள்ளியும் மட்டும். ஆனியிலிருந்து ஆவணி வரை காலை எட்டு முதல் பத்துக்குள், ஏனென்றால் மத்தியானத்துக்கு மேல்தான் காற்றுக்குப் பேய் பிடிக்கும். பல்வரைசரில் காற்று வெளியேறுகிற துணிப் பை ஒன்றுக்கு இரண்டாகக் காடாத் துணியில் தைக்க வேண்டும். கிழக்குச் சுவரில் ஜன்னல் வைப்பதில்லை, மேற்கு ஜன்னல் மார்கழியிலும் தையிலும் மூடியிருக்கும். மல்லி, மாவு எந்த நாளும் அரைக்கலாம். ஆத்தாவுக்கு இழுப்பு வந்தால் அன்றைக்கு மெஷின் நிற்கும். இந்தக் கடைசி வரியை அக்காவேதான் சொன்னார். ஐந்து கையெழுத்து, தமிழில். முத்திரைத்தாள் கிடையாது, கோர்ட்டுக்குப் போனால் செல்லாது. ஆனால் அந்த நோட்டு இன்னும் மில் சுவரில் ஆணியில் தொங்குகிறது, மேலெல்லாம் மஞ்சள் தூசு படிந்து.

துணிப் பை முதல் ஆடியிலேயே கிழிந்தது. டீச்சர் வீட்டுத் தையல் மெஷினில்தான் திரும்பத் தைத்தார்கள்.

இப்போது காலம் மாறிவிட்டது. 2019-இல் வந்த சட்டத்தில், சிவப்பு வகையில் வராத சின்னத் தொழிலைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு மூன்று வருஷம் வரை பஞ்சாயத்து லைசென்ஸ் இல்லாமலே நடத்தலாம். அக்ஷயா என்கிற அரசு சேவை சென்டரில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் போட்டுவிடுகிறார்கள். தொழில் செய்கிறவனுக்கு நல்லதுதான், பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஆக்ஷேபம் சொல்ல மாடி ஹால் இல்லாமல் போயிற்று. என் திண்ணைக்கும் ஆள் குறைந்துவிட்டது.

போன மாசம் மில்லக்காவின் மகன் வந்தான். ஆர்டர் பெருகிவிட்டது, பத்து எச்பியில் இன்னொரு பல்வரைசர் போட வேண்டும் என்றான். கூட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டரை. பச்சை தாண்டி ஆரஞ்சு. "போர்டுக்கு மறுபடி எழுதணும் மாமா, அக்ஷயாவுல சொல்லத் தெரியல, நீங்களே எழுதிக் குடுங்க" என்றான். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே கேட் சத்தம் கேட்டது. டீச்சரின் மருமகள், கையில் வெள்ளைத் தாள். பையனைப் பார்த்ததும் நின்றாள்.

"உள்ளே வாம்மா" என்றேன். "அவனும் அதுக்குத்தான் வந்திருக்கான். ரெண்டு பேரும் ஒண்ணாவே உட்காருங்க."

உட்கார்ந்தார்கள். என் மனைவி இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து இருவர் கையிலும் கொடுத்தாள். நான் சர்வே நம்பரிலிருந்து ஆரம்பித்தேன்.